போய் வாருங்கள், வாத்துக் குஞ்சு வேண்டாம்

கேள்வி: நாங்கள் இருப்பது திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். என் தங்கை குடும்பம் சங்கனாச்சேரியில் இருக்கிறது. தை மாதத்தில் அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோகிறார்கள். நான், வீட்டுக்காரர், ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கும் மகள், நாலு வயதுப் பேரன் என்று நாலு பேருக்கும் வேளாங்கண்ணி–எர்ணாகுளம் ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டோம். இப்போது பார்த்தால் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல், வாத்துகளை ஆயிரக்கணக்கில் கொல்கிறார்கள் என்று செய்தி. மாமியார் போகவே கூடாது என்கிறார். போகலாமா? போனால் அங்கே கோழி, முட்டை சாப்பிடலாமா? பேரன் படகுவீடு பார்க்க ஆசைப்படுகிறான். தங்கை வீட்டுக்குப் பின்னால் ஒருவர் வாத்து வளர்க்கிறார். வரும்போது பத்து குஞ்சு தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் முப்பது நாட்டுக்கோழி இருக்கிறது, அதோடு வளர்க்கலாம் என்பது வீட்டுக்காரர் எண்ணம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். கிளம்பும் முன் தங்கைக்கு ஃபோன் போட்டு இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், அவை என்னவென்று கீழே சொல்கிறேன். வாத்துக் குஞ்சை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொண்டுவர வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் கடைசியாக எழுதியிருக்கும் முப்பது நாட்டுக்கோழிதான் என் கண்ணில் முதலில் பட்டது. நான் கால்நடை மருத்துவன் என்பதால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. இந்தப் பயணத்தில் உங்கள் நாலு பேருக்கும் இருக்கும் ஆபத்து சிறியது, கொஞ்சம் கவனமாக இருந்தால் இன்னும் சிறியதாகிவிடும். ஆனால் நீங்கள் திரும்பி வரும்போது செருப்பிலோ கூடையிலோ அந்தக் கிருமி ஒட்டிக்கொண்டு வந்தால், உங்கள் கொல்லையும் தெருவும் பக்கத்து ஊர்களும் சேர்ந்து அவதிப்படும். ‘போகலாமா’ என்று யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது ‘எப்படித் திரும்பி வருவது’ என்பதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். இது பறவைகளின் ஃப்ளூ. காட்டு வாத்துகளும் மற்ற நீர்ப்பறவைகளும்தான் இந்த வைரஸின் சொந்த வீடு. அங்கிருந்து வீட்டு வாத்துக்கும் கோழிக்கும் தாவுகிறது. தாவிய பிறகு சில வகைகள் கொடூரமாகின்றன. எச்5என்1 அதில் ஒன்று. 1997இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தபோதுதான், இது மனிதர்களையும் பிடிக்கும் என்று உலகம் விழித்துக்கொண்டது. இந்தியாவில் முதன்முதலாகக் கோழிகளில் வந்தது 2006இல், மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். ஆலப்புழை, கோட்டயம் பக்கத்து நெல்வயல் பகுதியான குட்டநாட்டில் 2014 கடைசியில் வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதற்குப் பிறகு 2016, 2021, 2022, 2024 என்று அந்தப் பகுதிக்குப் பறவைக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. கிறிஸ்துமஸ் விற்பனைக்காக வளர்த்த வாத்துகளை, விற்கும் நேரத்தில் அழிக்கக் கொடுத்துவிட்டு நிற்கும் குடும்பங்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

மனிதர்களுக்கு வருமா என்றால், வரும், ஆனால் அரிதாக. 2003இலிருந்து உலகம் முழுவதும் 900-க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்5என்1 உறுதியாகி, ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். பாதி என்பது பயங்கரமான கணக்கு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இருபது வருஷத்துக்கும் மேலாக, கோடிக்கணக்கான பறவைகளுக்கு வந்த நோயில் மனிதர்களின் எண்ணிக்கை அவ்வளவுதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நோய்ப்பட்ட அல்லது செத்த பறவையைக் கையால் தொட்டவர்கள், அறுத்தவர்கள், இறகு பிடுங்கியவர்கள், கூண்டைச் சுத்தம் செய்தவர்கள், உயிர்க்கோழிச் சந்தையில் புழங்கியவர்கள். கொரோனா போல ஒருவர் இருமி இன்னொருவருக்கு, அவரிடமிருந்து அடுத்தவருக்கு என்று இது ஊரில் பரவுவதில்லை. அதனால் ரயில் பெட்டியில் பக்கத்து சீட்டில் கேரளக்காரர் இருக்கிறாரே என்று பயப்பட எதுவும் இல்லை. கோட்டயம் ரயில் நிலையத்தில் நிற்பதிலும், கடைவீதியில் நடப்பதிலும், கோயிலுக்குப் போவதிலும் இந்த நோய் கிடையாது.

சரி, தங்கையிடம் என்ன கேட்பது?

முதலாவது, அவர்கள் வார்டு நோய் அறிவித்த வட்டத்துக்குள் வருகிறதா என்பது. போபாலில் இருக்கும் உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்தில் மாதிரியைச் சோதித்து உறுதிசெய்ததும், நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழி, வாத்து, காடை எல்லாவற்றையும் அழிப்பார்கள். அதற்கு வெளியே 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு இருக்கும். எந்தப் பஞ்சாயத்து, எந்த வார்டு என்று மாவட்ட நிர்வாகம் பெயர் சொல்லி அறிவிக்கும். உள்ளூர் செய்தித்தாளிலேயே வந்துவிடும். கோட்டயம் மாவட்டம் என்று செய்தியில் கேட்டதும் மாவட்டம் முழுவதும் நோய் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மாவட்டத்தில் மூன்று நாலு வார்டுகளாகக்கூட இருக்கலாம்.

இரண்டாவதுதான் முக்கியம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த வாத்துகள் எப்படி இருக்கின்றன? கடந்த சில நாட்களில் சாவு உண்டா? கழுத்து திருகிக்கொண்டு தள்ளாடுகிறதா, தண்ணீரிலேயே வட்டமடிக்கிறதா, தீனி எடுக்காமல் ஒடுங்கி நிற்கிறதா? அப்படி ஏதாவது இருந்தால் தங்கை உடனே அங்கே இருக்கும் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். முடிவு தெரியும் வரைக்கும் உங்கள் மகளும் பேரனும் அந்த வீட்டுக்குப் போகவே கூடாது. வீடு 1 கிலோமீட்டர் வட்டத்துக்குள் வந்தாலும் இதே பதில்தான். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் மட்டும் போய் விசேஷத்தில் தலையைக் காட்டிவிட்டு வாருங்கள். வட்டத்துக்கு வெளியே, வாத்துகளும் நன்றாக இருக்கின்றன என்றால் நாலு பேரும் போகலாம். அப்போதும் பேரனை வாத்துப் பக்கம் விடாதீர்கள். நாலு வயதுக் குழந்தை வாத்தைக் கண்டால் துரத்தும், கீழே விழும், அந்தச் சேற்றுக் கையை வாயில் வைக்கும். ஒரு ஆள் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் விஷயத்தில் ஒன்று. கர்ப்பிணிகளுக்கு எந்த ஃப்ளூ வந்தாலும் மற்றவர்களைவிடக் கடுமையாகப் போக வாய்ப்பு அதிகம். அவர் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் இந்தப் பயணத்தைச் சொல்லி, நீண்ட தூர ரயில் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா, வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்று கேளுங்கள். அந்த ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனாலும் சாதாரண ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே உடம்பில் சந்திக்காமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. இரண்டும் கலந்து புது வகை உருவாகலாம் என்பது மருத்துவ உலகின் பெரிய கவலை. மனிதர்களுக்கு மருந்து சொல்வது என் வேலை இல்லை, அதனால் இந்தக் கேள்வியை அவரிடமே விட்டுவிடுகிறேன்.

அடுத்து சாப்பாடு. ஒவ்வொரு தடவையும் பறவைக் காய்ச்சல் என்றதும் நம் ஊரில் முதலில் நிற்பது கறிக்கடை வியாபாரம்தான். நாமக்கல் முட்டையின் விலை சரிகிறது, பண்ணைக்காரர் கடனில் விழுகிறார். ஆனால் வெந்த கறியில் இந்த வைரஸ் இல்லை. உள்ளே வரைக்கும் 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் செத்துவிடும். குழம்பு கொதிக்கும் சூடு 100 டிகிரி. எலும்பை ஒட்டிய சதை சிவப்பாக இல்லாமல், சாறு தெளிவாக வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். முட்டையில் மஞ்சள்கருவும் கெட்டியாக வேக வேண்டும். அதனால் இந்தப் பயணத்தில் ஹாஃப்பாயில், கலக்கி, பச்சை முட்டை அடித்த பால் மூன்றும் வேண்டாம். இருமலுக்குப் பச்சை நாட்டுக்கோழி முட்டை குடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன். நன்றாக வெந்த ஆம்லெட், அவித்த முட்டை, வாத்துக் கறி, கோழி பிரியாணி எதற்கும் தடை இல்லை.

ஆபத்து இருப்பது அடுப்புக்கு முந்தைய கட்டத்தில். உயிரோடு வாங்கி வந்து வீட்டில் அறுப்பது, வெந்நீரில் முக்கி இறகு பிடுங்குவது, குடலை எடுத்துக் கழுவுவது, அதே அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்குவது. ரத்தமும் எச்சமும் தெறிக்கிற இடம் அது. 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் 2 வயதுப் பெண் குழந்தை எச்5என்1 தொற்றில் இறந்தது. கோழி வெட்டும்போது ஒரு பச்சைத் துண்டைக் குழந்தைக்குக் கொடுத்ததாகக் குடும்பத்தார் சொன்ன செய்தியைப் படித்தபோது நான் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அறுக்கும் இடத்தில் குழந்தைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். தங்கை வீட்டு விசேஷத்துக்கு வீட்டிலேயே வாத்து அறுக்கும் எண்ணம் இருந்தால், இந்த முறை வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். மீனோ, சைவ விருந்தோ வைத்துக்கொள்ளட்டும். கறி வேண்டுமென்றால் நோய் வட்டத்துக்கு வெளியே, நம்பிக்கையான கடையில் உரித்த கறியாக வாங்கட்டும். கறி கழுவியவர் கையையும் பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொட வேண்டும். இந்த வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். அதனால் இதற்குச் சாதாரண சோப்பே நல்ல மருந்து.

படகுவீட்டுக்குக் கூட்டிப்போங்கள். படகில் உட்கார்ந்து காயலைப் பார்ப்பதில் பயம் இல்லை. கரையில் வாத்துக் கூட்டம் இருக்கும் இடத்தில் இறங்க வேண்டாம், வாய்க்கால் தண்ணீரில் குழந்தையைக் கை அளைய விட வேண்டாம், செத்த பறவை மிதந்தால் படகுக்காரரிடம் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இப்போது வாத்துக் குஞ்சு. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கோழிக்கு இந்த நோய் வந்தால் மறைக்க முடியாது. காலையில் நன்றாக மேய்ந்தது சாயங்காலம் செத்துக் கிடக்கும். கொண்டையும் தாடியும் நீலம் பாரிக்கும், முகம் வீங்கும், ஒன்றன்பின் ஒன்றாகக் கூண்டே காலியாகும். வாத்து அப்படி இல்லை. சில சமயம் கொத்துக் கொத்தாகச் சாகும், சில சமயம் ஒன்றுமே நடக்காததுபோல நீந்திக்கொண்டும் தின்றுகொண்டும் இருக்கும். ஆனால் எச்சத்திலும் மூக்குச் சளியிலும் வைரஸைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பத்து குஞ்சுகளும் துறுதுறுவென்று ஆரோக்கியமாகத் தெரியும், நீங்களும் ஆசையோடு கூடையில் போட்டுக்கொண்டு வருவீர்கள். வந்து கொல்லையில் விட்டதும் உங்கள் கோழிகள் அதே தாம்பாளத்தில் தண்ணீர் குடிக்கும். அடுத்த வாரம் உங்கள் முப்பதும் போய்விட்டால், அதைத் தொடர்ந்து 1 கிலோமீட்டர் வட்டம் உங்கள் வீட்டைச் சுற்றி விழும். தெருவில் எத்தனை பெண்கள் நாலு கோழி வைத்துக்கொண்டு அந்த முட்டைக் காசில் பிள்ளைக்கு நோட்டு வாங்குகிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அத்தனையையும் பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சட்டமும் இதைத் தடுக்கிறது. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 2009இல் வந்தது. நோய் அறிவித்த பகுதியிலிருந்து பறவையை வெளியே கொண்டுபோவது அதன்படி குற்றம். கேரளத்தில் நோய் என்றதும் தமிழக எல்லையில் வாளையார், புளியரை, குமுளி, களியக்காவிளை போன்ற சோதனைச் சாவடிகளில் கால்நடைத் துறையினர் நின்று, கோழி, வாத்து, முட்டை, தீவனம் ஏற்றிய வண்டிகளைத் திருப்பி அனுப்புவதும் மற்ற வண்டிகளின் சக்கரத்துக்கு மருந்து தெளிப்பதும் வழக்கம். ரயிலில் வந்தால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று சிலர் நினைக்கலாம். சாவடி இல்லாத வழியில் வருபவர்தான் இன்னும் பொறுப்பாக இருக்க வேண்டும். வாத்து முட்டை, பழைய முட்டை அட்டை, தீவனச் சாக்கு, கூண்டு எதுவும் வேண்டாம். வீட்டுக்காரருக்கு வாத்து வளர்க்க ஆசை என்றால் நல்ல ஆசைதான். நோய் அடங்கி, கட்டுப்பாடு நீங்கிய பிறகு, நம் மாவட்டத்துக் கால்நடை மருத்துவரைக் கேட்டு நல்ல இடத்தில் வாங்கிக்கொள்ளட்டும். வாங்கினாலும் கோழியோடு ஒரே இடத்தில் விடக் கூடாது. வாத்துக்குத் தனி இடம், தனித் தண்ணீர்.

திரும்பி வரும்போது என்ன செய்வது? இந்த வைரஸ் எச்சத்துக்குள் பதுங்கி நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். 37 டிகிரி சூட்டில் 6 நாள், 4 டிகிரி குளிரில் 35 நாள்கூடத் தாங்கும் என்று கண்டிருக்கிறார்கள். மார்கழி, தை ஈரத்தில் செருப்பின் பள்ளத்தில் ஒட்டிய சேறு அதற்கு வசதியான இடம். அதனால் அங்கே வெளியில் நடக்க ஒரு பழைய ரப்பர் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நாளில் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் சேற்றைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்துவாருங்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கடைசியாக முக்கினால் இன்னும் நல்லது. ஆனால் சேற்றை எடுக்காமல் மருந்தை மட்டும் ஊற்றினால் வேலை செய்யாது. முதலில் கழுவல், பிறகுதான் மருந்து. பலரும் செய்யத் தவறுவது இதைத்தான். வீட்டுக்கு வந்ததும் குளித்து, உடுத்திய துணியைத் துவைக்கப் போட்டுவிட்டு, மூன்று நாளைக்குக் கோழிப் பக்கம் போகாதீர்கள். ஊருக்குப் போகும்போது கோழியைப் பார்த்துக்கொள்ளும் மாமியாரே அந்த மூன்று நாளும் தீனி வைக்கட்டும்.

வந்த பிறகு 10 நாள் வரைக்கும் நாலு பேரின் உடம்பையும் கவனியுங்கள். காய்ச்சல், இருமல், தொண்டை வலி, கண் சிவந்து நீர் வடிவது, மூச்சு வாங்குவது என்று ஏதாவது வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். திருத்துறைப்பூண்டி அரசு மருத்துவமனைக்கோ உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய், ‘பறவைக் காய்ச்சல் இருக்கும் பகுதிக்குப் போய்வந்தேன், பறவையைத் தொட்டேன்’ அல்லது ‘தொடவில்லை’ என்று நீங்களாகவே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவர் அதைச் சாதாரணச் சளி என்றுதான் எடுத்துக்கொள்வார், அவர்மேல் தப்பு இல்லை. ஓசல்டமிவிர் என்ற மருந்து இருக்கிறது, அறிகுறி தொடங்கி 2 நாளுக்குள் ஆரம்பித்தால் நன்றாகக் கேட்கும். அதைக் கொடுக்கலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அநேகமாக உங்களுக்கு வருவது பயணக் களைப்பும் சாதாரணச் சளியுமாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லிவிடுவது நல்லது.

உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். அவருடைய பயம் வீண் பயம் இல்லை, திசை மட்டும் கொஞ்சம் மாற வேண்டும். நீங்கள் கேரளாவுக்குப் போகாமலேயே இருந்தாலும் இந்த நோய் உங்கள் ஊருக்கு வர வழி இருக்கிறது. உங்களைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் உதயமார்த்தாண்டபுரம், இன்னொரு பக்கம் வடுவூர் ஏரி, தெற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, தென்கிழக்கே கோடியக்கரை. ஐப்பசியிலிருந்து பங்குனி வரைக்கும் வடக்கிலிருந்து வரும் பறவைகள் இங்கேதான் தங்குகின்றன. கோடியக்கரையும் குட்டநாட்டை ஒட்டிய வேம்பநாட்டுக் காயலும் 2002இல் ஒன்றாகத்தான் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. இரண்டும் நெல், தண்ணீர், வாத்து, வலசைப் பறவை என்று ஒரே மாதிரி ஊர்கள். அதற்காகப் பறவைகள்மேல் கோபப்பட வேண்டாம். சரணாலயத்துக்குப் போய்த் தூரத்திலிருந்து பாருங்கள், செத்த பறவை கிடந்தால் தொடாமல் வனத்துறை ஊழியரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், சம்பா அறுவடை முடிந்ததும் லாரியில் வாத்துகளைக் கொண்டுவந்து வயலில் இறக்குவார்களே, அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சிந்திய நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் தின்றுகொண்டே வாத்துகள் ஊர் ஊராக நகரும். இரவில் வலை கட்டிப் பட்டி அடைப்பார்கள். பல தலைமுறைத் தொழில் அது, வயலுக்கும் நல்லது. ஆனால் தாய்லாந்தில் 2004இல் நோய் வந்தபோது ஆராய்ந்து பார்த்தவர்கள், வயலில் விட்டு மேய்க்கும் வாத்துகள் அதிகம் இருந்த இடமும் நோய் அதிகம் இருந்த இடமும் பொருந்திப்போவதைக் கண்டார்கள். வயலில் அதே தண்ணீரில் காட்டுப் பறவையும் இறங்குகிறது, மேய்ச்சல் வாத்தும் இறங்குகிறது, சாயங்காலம் உங்கள் கோழியும் அந்த வரப்பில் கிளறுகிறது. அதனால் இந்த வருஷம் உங்கள் வயலில் பட்டி போடக் கேட்டு வருபவரிடம், எங்கிருந்து வருகிறீர்கள், வழியில் வாத்து செத்ததா, கால்நடை மருத்துவரிடம் காட்டினீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். விரட்டாதீர்கள். நோய் வந்தால் முதலில் எல்லாவற்றையும் இழப்பவர் அவர்தான். பயந்து மறைக்காமல் உங்களிடம் உண்மையைச் சொல்லும்படி பேசுங்கள். அவர் பட்டி இருக்கும் வரைக்கும் உங்கள் கோழிகளைக் கொல்லையில் வலை கட்டி அடைத்து வையுங்கள். தீனியையும் தண்ணீரையும் காக்கை, குருவி எட்டாத இடத்தில் கூரைக்குக் கீழே வையுங்கள்.

கோழி செத்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கம் செத்த கோழியை வாய்க்காலில் வீசும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த வாய்க்கால் அடுத்த ஊருக்குப் போகிறது. நாய்க்கும் பூனைக்கும் போடுவதும் கூடாது. 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 தொற்றில் இறந்தன. புலிக்கு வருவது பூனைக்கும் வரும். ஒன்று செத்தால் கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். இரண்டு மூன்று நாளில் பல கோழிகள் சேர்ந்து செத்தால் புதைக்கவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். உடனே உங்கள் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கால்நடை அவசர உதவிக்கான 1962 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சோர்ந்த கோழியை அவசரமாக அறுத்துத் தின்பதும், பாதி விலைக்கு வியாபாரியிடம் தள்ளுவதும்தான் நோயை ஊர் தாண்ட வைக்கிறது. அரசு அழிக்கும் பறவைகளுக்கு இழப்பீடு உண்டு. மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி ஏற்றுக்கொள்கின்றன. கோழிக்காரருக்கு அது முழு ஈடாகாதுதான். ஆனாலும் சொல்லாமல் மறைத்தால் அதுவும் கிடைக்காது.

நம் வீட்டுக் கோழிகள் கூட்டமாகச் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் வெள்ளைக்கழிச்சல்தான். ராணிக்கெட் நோய் என்பதும் அதுதான். வெளியிலிருந்து பார்த்தால் பறவைக் காய்ச்சலுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எங்களுக்கே கஷ்டம், ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. உங்கள் கோழிகளுக்கு அதைப் போட்டுவைத்தால், பிறகு ஒரு சாவு வந்தாலும் இது வேறு ஏதோ என்று எங்களால் சீக்கிரம் சந்தேகப்பட முடியும். கால்நடைத் துறை பிப்ரவரி மாதத்தில் கிராமங்களில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். நீங்கள் சங்கனாச்சேரியிலிருந்து திரும்பி, அந்த மூன்று நாளும் முடிந்த பிறகு, உங்கள் ஊரில் முகாம் என்றைக்கு என்று மருந்தகத்தில் விசாரியுங்கள். அன்றைக்குக் காலையில் கோழிகளைத் திறந்துவிடாமல் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருந்தால் ஊசி போட வருபவருக்கு வேலை சுலபம்.